டிராப்பர் ஜான் கையெழுத்துப் போடாத தாள்

1979 கடைசியில் அமெரிக்காவின் சிபிஎஸ் சானலில் ஒரு வேடிக்கை நடந்தது. திங்கட்கிழமை ராத்திரி 'மாஷ்' வரும். கொரியப் போர்முனையில் கூடாரம் அடித்து ஆபரேஷன் செய்யும் டாக்டர்களின் கதை. அது முடிந்த கையோடு 'ஹவுஸ் கால்ஸ்' என்று இன்னொரு டாக்டர் தொடர். அதன் நாயகன் வேய்ன் ராஜர்ஸ், மாஷை விட்டு நாலைந்து வருஷம் முன்னால் கோபித்துக்கொண்டு போனவர். வாரத்தில் இன்னொரு நாள் அதே சானலில் 'டிராப்பர் ஜான் எம்.டி.' என்று மூன்றாவது டாக்டர் தொடர். மாஷில் ராஜர்ஸ் போட்ட அதே வேஷம்தான் இது. பாத்திரத்துக்கு வயசாகி, தாடி நரைத்து, சான்பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய டாக்டராக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நடித்தவர் பெர்னெல் ராபர்ட்ஸ். ஹவுஸ் கால்ஸ் ஆஸ்பத்திரியும் சான்பிரான்சிஸ்கோவில்தான். பழைய டிராப்பர் ஒரு ஆஸ்பத்திரியில், புது டிராப்பர் இன்னொன்றில், ஒரே ஊர், ஒரே சானல்.

இந்த பெர்னெல் ராபர்ட்ஸும் 'பொனான்ஸா' என்ற மகா வெற்றித் தொடரை 1965-ல் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். விட்டுப் போனவரின் வேஷத்துக்கு இன்னொரு விட்டுப் போனவர். யார் யோசித்துச் செய்தார்களோ, தானாக அமைந்ததோ!

எனக்கு மாஷ் அறிமுகமானது கணவர் வழியாக. அவருக்கு அது பைத்தியம். டிவிடி பெட்டி வீட்டில் இருக்கிறது. முதல் மூன்று சீசன் மட்டும்தான் மாஷ், மிச்சமெல்லாம் வெறும் நீதிபோதனை என்பது அவர் கட்சி. அந்த முதல் மூன்று சீசனில்தான் ராஜர்ஸ் இருக்கிறார். நான் மும்பை செம்பூரில் ஆடிட்டராக இருப்பவள். ராஜர்ஸ் பிற்காலத்தில் ஃபாக்ஸ் நியூஸில் சனிக்கிழமை காலைகளில் உட்கார்ந்து பங்கு, வட்டி, வரி என்று பேசிக்கொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஆர்வம் வந்தது. என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் சீரியல் நடிகர்கள் சிலர் உண்டு. மும்பையில் ஆடிட்டர் தொழில் செய்தால் இது தப்பாது. கோரேகாவ் ஃபிலிம் சிட்டி, மட் தீவு, நய்காவ் என்று செட்டுக்கு ஓடுகிறவர்கள். அவர்கள் பணம் வரும் விதமும் போகும் விதமும் எனக்கு அத்துப்படி. அதனால் பணத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லும் தகுதி ஒரு டிவி நடிகருக்கு எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தேன்.

ராஜர்ஸ் 1933 ஏப்ரலில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து 1954-ல் பட்டம் வாங்கினார். வக்கீலாவதுதான் திட்டம். நடுவில் கடற்படை. கப்பல் புரூக்ளினில் நின்றபோது ஒரு நண்பரின் நாடக ஒத்திகையைப் பார்க்கப் போனார், சட்டப் படிப்பு அங்கேயே முடிந்தது. நியூயார்க்கில் வாய்ப்பு தேடிய காலத்தில் அவரோடு அறையில் தங்கியிருந்தவர் பீட்டர் ஃபால்க், பிற்பாடு 'கொலம்போ'வாக உலகம் முழுக்கத் தெரிந்தவர். ஃபால்க் நடிக்க வருவதற்கு முன் கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வரலாற்றுப் பட்டதாரி ஒருவர், பட்ஜெட் ஆபீஸ் ஆள் ஒருவர், இருவர் பாக்கெட்டும் காலி. அந்த அறையில் செலவுக் கணக்கை யார் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. பின்னாளில் ஃபால்க்கின் பணத்தை ராஜர்ஸ்தான் பார்த்துக்கொண்டார். நண்பன் பணத்தைத் தொடுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். லாபம் வந்தால் அது அவன் அதிர்ஷ்டம், நஷ்டம் வந்தால் அது நம் தலையெழுத்து.

அறுபதுகள் முழுக்கச் சின்னச் சின்ன வேஷங்கள். ஒரு கௌபாய்த் தொடர், பால் நியூமன் நடித்த ஒரு சிறைச்சாலைப் படத்தில் கைதிகளில் ஒருவர். 1972 செப்டம்பரில் மாஷ் தொடங்கியது. ஆலன் ஆல்டாவுக்கு ஹாக்ஐ வேஷம், ராஜர்ஸுக்கு டிராப்பர் ஜான். இரண்டு சர்ஜன்கள், சம பங்கு என்றுதான் பேச்சு. தொடருக்கு மூலமான நாவலிலும் அதை வைத்து வந்த சினிமாவிலும் நெஞ்சறுவை நிபுணர் டிராப்பர்தான். முகாமுக்கு அவர் வந்ததற்குக் காரணமே அதுதான். தொடரில் அந்தத் தகுதியைத் தூக்கி ஹாக்ஐ கையில் கொடுத்துவிட்டார்கள். வசனங்களும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. ஹாக்ஐ பேசுவார், டிராப்பர் பக்கத்தில் நின்று சிரிப்பார். டிவிடியைப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது சீசனில் இது கண்ணுக்கே தெரிகிறது. நன்றாகத்தான் சிரிக்கிறார், அது வேறு விஷயம்.

1975-ல் மூன்றாவது சீசன் முடிந்ததும் ராஜர்ஸ் திரும்பி வரவில்லை. பாத்திரத்துக்கு வழியனுப்பும் காட்சிகூடக் கிடையாது. அடுத்த சீசனில் டிராப்பர் ஊருக்குப் போய்விட்டார் என்று ஒரு பேச்சு, மைக் ஃபாரல் புது டாக்டராக வந்து இறங்கினார். மூன்று வருஷம் நடந்த கொரியப் போரை இவர்கள் பதினோரு வருஷம் நடத்தினார்கள். 1983 பிப்ரவரி 28 அன்று வந்த கடைசி அத்தியாயத்தைப் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மூன்றாம் வருஷமே எழுந்து போனவரைப் பைத்தியக்காரன் என்று அப்போது பலர் நினைத்திருப்பார்கள்.

ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று ராஜர்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. காரணம், ஒப்பந்தத்தில் ராஜர்ஸின் கையெழுத்தே கிடையாது! அதில் நன்னடத்தை விதி என்று ஒன்று இருந்தது. நடிகர் வெளியிடத்தில் நடந்துகொள்ளும் விதம் தங்கள் பெயருக்கு இழுக்கு என்று தயாரிப்பாளர் கருதினால் தூக்கிவிடலாம் என்பது மாதிரியான விதி. ராஜர்ஸுக்கு அது பிடிக்கவில்லை, கையெழுத்துப் போட மறுத்தார். தாள் அப்படியே கிடக்க, படப்பிடிப்பு ஓடியது, தொடர் பிரபலமானது, சம்பளம் வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம்.

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெரிய ஸ்டுடியோ, ஒரு படை வக்கீல், யாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஆபீஸில் தொழில் பழக வரும் ஆர்டிகிள் பையன்கள் ஆடிட்டுக்குப் போகும்போது முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதானே, கடைசிப் பக்கத்தை முதலில் பார்.

சிரிப்பு அடங்கியதும் தோன்றியது வேறு. ராஜர்ஸ் சாமர்த்தியமாகக் கண்ணி வைத்தார் என்று நான் நம்பவில்லை. கொடுத்த தாளை முழுசாகப் படித்தார், படித்ததில் ஒன்று ஒப்பவில்லை, ஒப்பவில்லை என்று சொன்னார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவருக்கு வந்த நிலம், கடை, வங்கி, கம்பெனி இயக்குநர் பதவி எல்லாவற்றையும் விட அந்தப் பழக்கம்தான் அவருடைய மூலதனம் என்பது என் எண்ணம். மாஷில் நடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே பங்கிலும் நிலத்திலும் பணம் போட ஆரம்பித்துவிட்டார். எழுந்து போகிறவனுக்குப் போய் உட்கார இடம் வேண்டும். அவர் அதை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார்.

இங்கே மும்பைக்கு வருகிறேன். இங்குள்ள கதையைச் சொல்லாமல் அங்குள்ளது புரியாது.

சயன் கோலிவாடாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் என்னிடம் கணக்கு வைத்திருக்கிறான். அப்பா தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பையன் இந்தி சீரியலில் கதாநாயகியின் மைத்துனன். இந்தி உச்சரிப்பு சுத்தம், வீட்டில் பேசுவது தாராவித் தமிழ். ஒருநாள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டான். முப்பது பக்கத்துக்கு மேல் இருக்கும்.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம். சைன் பண்ற எடத்துல மட்டும் மஞ்ச சீட்டு ஒட்டிருக்காங்க."

"நடுவுல உள்ளதைப் படிச்சியா?"

"எல்லாரும் போடுறதுதானாம் அக்கா. சீனியர் ஆக்டருங்களே படிக்க மாட்டாங்களாம்."

படித்தேன். தயாரிப்பாளர் ஒரு மாத நோட்டீஸில் அவனை நீக்கலாம், அவன் விலகுவதற்குத் தயாரிப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சீரியல் ஓடும் வரை வேறு சானலில் முகம் காட்டக் கூடாது. விளம்பரம், கடை திறப்பு எதுவானாலும் முன்அனுமதி. நன்னடத்தை விதியும் இருந்தது, ராஜர்ஸ் காலத்துச் சரக்கு அரை நூற்றாண்டு தாண்டி அந்தேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே, படப்பிடிப்பு நாட்கள் மாதத்துக்கு இத்தனைக்குக் குறையாது என்ற உறுதி எங்கே என்று தேடினேன். இல்லை.

பணம் தரும் விதி தனி ரகம். வேலை செய்து பில் கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள். மும்பை டிவி உலகத்தில் இது யாருக்கும் புதிசில்லை. ஏப்ரலில் அழுத அழுகைக்கு ஜூலை கடைசியில் காசு. நடிகர் சங்கம் இதைப் பற்றி எத்தனையோ முறை பேசிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, தினம் டிவியில் வருகிறான், காசுக்கு என்ன குறை என்று தோன்றும். அவன் அம்மாவுக்கே அப்படித்தான் தோன்றியது. "டெய்லி நடிக்கிறான் மேடம், கையில ஒண்ணும் நிக்கலியே" என்று போனில் என்னிடம் குறைப்பட்டார்.

நிற்காததற்குக் காரணம் உண்டு. வருஷ வருமானம் இருபது லட்சம் தாண்டினால் நடிகரும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். பில்லில் பதினெட்டு சதவீதம் சேர்ப்பார். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் அந்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டும். தயாரிப்பாளர் இன்னும் ஒரு பைசா தந்திருக்க மாட்டார். வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி. பல பேர் இதற்குப் பயந்தே பணம் கைக்கு வரும் வரை பில் போடாமல் இழுப்பார்கள். பில் போடாவிட்டால் தொண்ணூறு நாள் எண்ணத் தொடங்காது. நடிகர்கள் இந்தச் செக்கில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இதில் டிடிஎஸ் என்று பணம் தருகிறவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை செய்த வேலைக்குப் பில்லை மார்ச்சில் கணக்கில் ஏற்றி, பத்து சதவீதம் பிடித்து, அதைக் கட்டியும்விடுவார்கள். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது அந்த வருஷத்து வரவு என்று பளிச்சென்று நிற்கும். பணம் வருவதோ அடுத்த நிதியாண்டில். வந்த கையோடுதான் கணக்கு எழுதுகிறோம் என்றால் இரண்டும் ஒத்துப்போகாது, வருமான வரித் துறையிலிருந்து ஏன் குறைத்துக் காட்டினாய் என்று நோட்டீஸ் வரும். பதில் எழுதுவது என் பிழைப்பு.

இதை எல்லாம் பையனிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அப்போ நான் வேலை செஞ்சு அவங்களுக்குக் கடன் குடுக்கிறேன், அப்படித்தான அக்கா?" என்றான். எனக்கு இதைச் சொல்ல இத்தனை வார்த்தை பிடித்தது.

விலகுவதற்கும் ஒரு மாத நோட்டீஸ் போதும், மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் வேலை என்று இரண்டு திருத்தம் எழுதி அனுப்பினோம். முதலாவதைத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவதை, நாங்கள் கேட்ட நாளில் பாதியாக்கி ஒத்துக்கொண்டார்கள். அது பெரிய விஷயம் என்று அவனுடைய சக நடிகர்கள் சொன்னார்களாம், யாரும் கேட்டே பார்க்காததால்.

ராஜர்ஸ் மாஷுக்குப் பிறகு என்ன செய்தார்? நடிப்பை விடவில்லை. 1976-ல் ஒரு துப்பறியும் தொடர், ஒரே சீசனில் படுத்தது. பிறகு 1979 முதல் 1982 வரை ஹவுஸ் கால்ஸ், அதற்கு கோல்டன் குளோப் பரிந்துரையும் கிடைத்தது. அதில் கூட நடித்த லின் ரெட்கிரேவ், கைக்குழந்தைக்குச் செட்டில் பால் கொடுப்பது பற்றி எழுந்த தகராறில் வெளியேறியது பெரிய செய்தியானது. அதற்கப்புறம் அவ்வப்போது விருந்தாளி வேஷங்கள். பக்கத்தில் தொழில் வளர்ந்துகொண்டே இருந்தது. நில வியாபாரம், வங்கி, மளிகையும் சில்லறையும் விற்கும் கடைகள், மின்னணு உதிரி பாகம் செய்யும் விஷே கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு நாற்காலி. இந்தப் பட்டியலில் பளபளப்பு எதுவும் கிடையாது. சினிமாக்காரர் பணம் சினிமாவுக்குள்ளேயே திரும்பிப் போய்க் கரைவதை நம் ஊரில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சாவித்திரி, சந்திரபாபு என்று பேச்சு வந்தாலே வீட்டுப் பெரியவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சொந்தப் படம் எடுத்தார்கள், போச்சு. ராஜர்ஸ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று சொல்ல முடியாது, தயாரிப்பிலும் கை வைத்தவர்தான். ஆனால் கல்லாப்பெட்டி வேறு இடத்தில் இருந்தது.

எனக்குப் பிடித்தது கல்யாண உடைக் கடை. நியூயார்க் புரூக்ளினில் பல பத்தாண்டுகள் ஓடிய க்ளைன்ஃபெல்ட் என்ற மணப்பெண் கவுன் கடையை 1999-ல் ராஜர்ஸ் கூட்டாளிகளோடு வாங்கினார். 2005-ல் கடை மன்ஹாட்டனுக்கு இடம் மாறியது. 2007 முதல் அந்தக் கடைக்குள்ளேயே ஒரு ரியாலிட்டி தொடர் எடுத்தார்கள். மணப்பெண் கவுன் போட்டுப் பார்ப்பாள், அம்மா அழுவாள், மாமியாராகப் போகிறவள் முகத்தைச் சுளிப்பாள். மாட்டுங்காவில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போன குடும்பம் எதையும் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அங்கே கேமரா இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஆடிட்டர் கண்ணால் அந்தக் கடையைப் பாருங்கள். மணப்பெண் கவுன் வியாபாரத்தில் கடையில் தொங்குவது சாம்பிள் உடைதான். பெண் போட்டுப் பார்த்து, பிடித்தது என்றதும் விலையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கட்டுவாள். அதற்குப் பிறகுதான் கவுன் தைக்கப் போகும், கைக்கு வரப் பல மாதம் ஆகும். விற்காத சரக்கு என்று குடோனில் முடங்குவது குறைவு. தைப்பதற்கான மூலதனத்தை வாடிக்கையாளரே போட்டுவிடுகிறார். கையில காசு, வாயில தோசை. தோசை மட்டும் ஆறு மாதம் கழித்து வரும். என் மேஜையில் கிடந்த ஒப்பந்தத்தில் வேலை செய்தவன் தொண்ணூறு நாள் காத்திருக்கிறான், இங்கே வாங்குகிறவள் முன்னாலேயே கட்டுகிறாள். இரண்டு தொழிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ராஜர்ஸுக்குத் தெரிந்திருந்தது புரிகிறது.

இனி அந்த வர்ணனையாளர் வேலை. ஃபாக்ஸ் நியூஸில் 'கேஷின் இன்' என்று சனிக்கிழமை காலை அரைமணி நேர நிகழ்ச்சி. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, கடைசியில் ஆளுக்கு ஒரு ஆருடம் சொல்லிக் கலைவார்கள். இரண்டாயிரங்களில் ராஜர்ஸ் அதில் வாடிக்கையான முகம். யூடியூபில் கிடைக்கிற துண்டுகளைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அது அவர் வாழ்க்கையில் மிகச் சாதாரணமான பகுதி. நம் சானல்களில் பட்ஜெட் அன்று நடக்கும் சந்தைக்கடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அரசாங்கம் குறுக்கே வராமல் இருந்தால் போதும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அந்த மேஜையின் பொதுக் குரல். ராஜர்ஸும் பெரும்பாலும் அந்த சுருதியில்தான் பாடினார்.

அதனால்தான் 1988-ம் 1990-ம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்த இரண்டு வருஷமும் அவர் அமெரிக்க மக்கள் சபையின் நீதித்துறைக் குழு முன்னால் போய் சாட்சி சொன்னார். விஷயம் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம். 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடி, ஜனங்களின் சேமிப்பு காற்றில் போன பிறகு 1933-ல் கொண்டுவந்த வேலி அது. டெபாசிட் வாங்குகிற வங்கி டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கட்டும், பங்கு வெளியிட்டுச் சூதாடுகிறவன் சொந்தக் காசில் ஆடட்டும், ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் வேண்டாம் என்பது அதன் சாரம். சட்டம் பிறந்த வருஷமும் ராஜர்ஸ் பிறந்த வருஷமும் ஒன்று. எண்பதுகளில் அந்த வேலியைப் பிடுங்கப் பெரிய வங்கிகள் நெருக்கிக்கொண்டிருந்தன. வேலி இருக்கட்டும் என்று ராஜர்ஸ் வாதாடினார். 1999-ல் அதன் முக்கியமான பகுதியை நீக்கியேவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் 2008 வந்தது. 2008-க்கு அந்த நீக்கம்தான் காரணமா என்பதில் பொருளாதாரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி, அது ஒரே காரணம் இல்லை, ஆனால் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும்.

தன் காசு வங்கியிலும் நிலத்திலும் கிடக்கும் ஒரு மனிதர், தன்னைப் போன்ற ஆட்களைக் கட்டிப்போடும் சட்டம் வேண்டும் என்று போய்ச் சொன்னதும், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதே மனிதர் டிவியில் சனிக்கிழமை தோறும் அரசாங்கத்தைத் திட்டியதும் எப்படி ஒத்துப்போகும்? மேஜைக்கு ஏற்ற வசனம் என்று நடிகரைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழு முன்னால் அவர் பேசியது அவருக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி, நேரம் எடுத்துக்கொண்டு. டிவியில் பேசியது அடுத்த விளம்பரத்துக்குள் முடிக்க வேண்டிய எதையோ பற்றி. அவ்வளவு குறுகிய நேரத்தில் யார் பேசினாலும் கோஷம்தான் வரும். 2011-ல் ஒரு புத்தகமும் எழுதினார், வழக்கமான விதிகளை நம்பாதே என்ற தோரணையில். 2015 டிசம்பர் 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார், வயது 82, நிமோனியாவால் வந்த சிக்கல்கள். அஞ்சலிக் குறிப்புகளில் டிராப்பர் ஜான் தலைப்பில் இருந்தார், முதலீட்டாளர் கீழே எங்கேயோ இருந்தார். மூன்றே வருஷம் செய்த வேலை தலைப்பில்.

நம் பக்கம் இப்போது முகம் தெரிந்தவர்கள் எல்லாம் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ரீல்ஸைத் தள்ளினால் ஐந்தில் ஒன்று ஆப்ஷன் டிரேடிங். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆலோசனை சொல்ல வேண்டுமானால் செபியில் பதிவு வேண்டும் என்பது 2013-லிருந்தே விதி. நான் ஆலோசனை சொல்லவில்லை, பாடம்தான் நடத்துகிறேன் என்று பலர் நழுவியதால் 2025 ஜனவரியில் இன்னொரு முடிச்சுப் போட்டார்கள். பாடம் நடத்துகிறவர் கடந்த மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்றார்கள். பழைய விலையை வைத்துப் பாடம் நடத்து, இன்றைய விலையை வைத்து ஆசை காட்டாதே. செபி உத்தரவுகளில் நான் ரசித்துப் படித்த சிலவற்றில் இது ஒன்று. எழுதியவருக்கு ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் சயன் கோலிவாடாப் பையன் மறுபடி வந்தான். டிரேடிங் கற்றுத் தரும் ஒரு ஆப், அவனை முகமாகக் கேட்கிறார்களாம். மாதம் நாலு வீடியோ. சீரியல் சட்டையிலேயே வரலாம். வசனம் அவர்களே தருவார்கள்.

"உனக்கு எஃப் அண்ட் ஓ தெரியுமா?"

"தெரியாது அக்கா. டயலாக்குதான. நான் டாக்டரா நடிச்சப்ப ஊசி போடத் தெரியுமா என்ன?"

"ஊசி நிஜ ஆளுக்குப் போடலியே."

கொஞ்சம் யோசித்தான். "ஆனா இவங்க அட்வான்ஸ் குடுக்கிறாங்க அக்கா. தொண்ணூறு நாள் கிடையாது."

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீட்டு லோன் தவணை ஐந்தாம் தேதி போகிறவனுக்கு அட்வான்ஸ் என்பது சாமானிய வார்த்தையா? தயாரிப்பாளர்கள் முப்பது நாளில் பணம் தந்தால் பாதி நடிகர்கள் இந்த மாதிரி ஆப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ராஜர்ஸ் கதையைச் சொன்னேன். முதலில் நிலமும் வங்கியும், அதற்குப் பிறகு சாட்சிக் கூண்டு, கவுன் கடை, எல்லாவற்றுக்கும் பின்னால்தான் டிவியில் பங்குப் பேச்சு, உன்னிடம் இவர்கள் கடைசியை முதலில் கேட்கிறார்கள் என்றேன். கேட்டுக்கொண்டான். அவனுக்கு அந்தக் கவுன் கடை சங்கதி பிடித்துப்போய், தாதரில் ஷெர்வானிக் கடை போட எவ்வளவு ஆகும் என்று கேட்டான். ஆப் கம்பெனியின் செபி பதிவு எண்ணை வாங்கி வா, தளத்தில் பார்த்துவிட்டு மேலே பேசலாம் என்று அனுப்பினேன்.

எண்ணைக் கேட்டானாம். லீகல் டீம் அனுப்பும் என்றார்களாம். தீபாவளி வந்து போய்விட்டது, எண் வரவில்லை. அதற்குள் சீரியலில் அவன் கார் மலையிலிருந்து உருண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மயக்கத்தில். மாதத்துக்குக் குறைந்தபட்ச நாள் என்று நாங்கள் வாதாடி வாங்கிய விதி இப்போது அவனுக்குச் சோறு போடுகிறது. படுத்திருப்பதும் படப்பிடிப்பு நாள்தானே. எழுந்திருப்பானா என்று கேட்டால், டிஆர்பி என்ன சொல்கிறதோ என்கிறான். டிசம்பர் 15-க்குள் முன்கூட்டிய வரித் தவணை கட்ட வேண்டும், மறந்துவிடாதே என்று வாட்ஸ்அப் போட்டேன். உடனே பதில் வந்தது: "கோமாவுல இருக்கேன் அக்கா, பதினாலாம் தேதி எழுப்புங்க."